அட்டவணை போட்டுப் பார்த்தால்...

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "அண்ணே, இந்த வருஷம் நீங்கதான் பேசணும்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "எதை வேணும்னாலும் பேசுங்க, சாப்பாடு ஆறுறதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவனிடம் எதை வேண்டுமானாலும் பேசு என்றால் என்ன பேசுவான்? புள்ளியியலின் முதல் பாடத்தைத்தான் பேசப்போகிறேன். நிகழ்வெண் அட்டவணை. பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்கிற சத்தம் கேட்கிறது. எங்கள் செட்டு ஆளாகத்தான் இருக்கும். அன்றைக்கும் அவர் இதே பாடத்துக்குத்தான் "ஐயோ" என்றார்.

காலையில் வாசலில் நுழையும்போது மாணவர்கள் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து உங்கள் வயதை எழுதச் சொன்னார்கள் அல்லவா? அது என் ஏற்பாடு. சீட்டுகளை மேசையில் கொட்டினால் என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை. 19, 62, 50, 20, 45, 18, 60, 50... எண்கள் கிடக்கின்றன, அவ்வளவுதான். பண்படாத விவரம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். களத்துமேட்டில் தூற்றாமல் கிடக்கிற குவியல் மாதிரி. மனிதக் கண் ஒரு பார்வையில் ஏழெட்டு எண்ணைத்தான் வாங்கும். அதற்கு மேல் போனால் கண் பார்க்கும், புத்தி பார்க்காது.

இதைச் சரிப்படுத்தப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நம் வீட்டுச் சுவரில் பால்காரர் கரிக்கோடு போட்டிருக்கிறார். களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலுக்கு "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லி எண்ணத் தொடங்கியிருக்கிறார். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. அதற்கு நேர்க்கோட்டுக் குறி என்று பெயர் வைத்துப் பள்ளிக்கூடத்திலேயே நடத்திவிடுகிறோம். கட்டுகளை எண்ணி எழுதினால் அதுவே நிகழ்வெண்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டம் எங்கே பிரிப்பது என்பதில். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிசு ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம். ஒரே வெங்காயம் இரண்டு குவியலில் விழக்கூடாது. எந்தக் குவியலிலும் விழாமல் தரையிலும் கிடக்கக்கூடாது. வகுப்பு இடைவெளிக்கு உள்ள இலக்கணம் முழுக்க இவ்வளவுதான். 10–20, 20–30 என்று எழுதிவிட்டு இருபதை எங்கே போடுவது என்று தேர்வு அறையில் விழித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். அந்த வெங்காயக்காரம்மாவைக் கேட்டிருந்தால் முதலிலேயே ஒரு முடிவு எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்லியிருப்பார். மூன்றே குவியல் போட்டால் விவரம் செத்துவிடும். முப்பது குவியல் போட்டால் பிரித்ததற்கே அர்த்தமில்லை. எத்தனை வகுப்பு வேண்டும் என்பதற்கு ஸ்டர்ஜஸ் என்பவர் 1926-இல் ஒரு சூத்திரம் சொன்னார். ஐம்பது எண்ணுக்கு ஏறக்குறைய ஏழு வகுப்பு வரும். சூத்திரத்தை மறந்துவிட்டாலும் பரவாயில்லை, வெங்காயத்தை மறக்காதீர்கள்.

உங்கள் சீட்டுகளை ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கட்டமாகப் போட்டுப் பார்த்தேன். மாணவர்களுடையது ஒழுங்காக இருக்கிறது. நம்முடையதில்தான் வேடிக்கை. 50-இலும் 60-இலும் கோடுகள் கட்டுக்கட்டாக நிற்கின்றன. 51, 59, 61 கட்டங்களில் காற்று வாங்குகிறது. பிறந்த தேதி தெரிந்த, பட்டம் வாங்கிய ஆட்களே இப்படி! சென்சஸ் எடுக்கப் போனவனுக்கு இது நன்றாகத் தெரியும். "வயசு எவ்வளவு தாத்தா?" "ஒரு அறுவது போட்டுக்கோ." பக்கத்தில் பாட்டி, "எனக்கு அம்பத்தஞ்சு வை." முழு இந்தியாவுக்கும் ஒற்றை வயது அட்டவணை போட்டால் சீப்பின் பல் மாதிரி பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிகிற வயதுகள் மட்டும் உயர்ந்து நிற்கும். அதைச் சமன்படுத்தத்தான் ஐந்து ஐந்து ஆண்டாக வகுப்பு பிரிக்கிறார்கள். அறுபது என்று சொன்னவருக்கு உண்மையில் அறுபத்திரண்டு ஆனாலும் 60–64 கட்டத்துக்குள்ளேயே நிற்பார். ஐம்பத்தெட்டு என்றால் இந்த வித்தையும் பலிக்காது, அது வேறு கதை.

நான் 1991-இலும் 2001-இலும் கணக்கெடுப்பாளராகவும், 2011-இல் மேற்பார்வையாளராகவும் வேலை பார்த்தேன். பள்ளி ஆசிரியர்களுக்குத் தப்பாத கடமை அது. நாங்கள் இங்கே படித்தபோது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்து ஊர்கள். 1995 நவம்பரில் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001 ஜனவரி முதல் தேதி அரியலூர் பிரிந்தது. 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23 அன்று திரும்பவும் பிரித்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாவட்டத்தின் பெயரை அச்சடிக்கவே பயந்த காலம் அது! ஆனால் இதில் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது. 2001 பிப்ரவரியில் நாங்கள் கணக்கெடுக்கப் போனபோது அரியலூர் தனியாக இருந்தது. 2011-இலும் தனியாக இருந்தது. ஆகவே இரண்டு கணக்கெடுப்பிலும் இரண்டு மாவட்டங்களுக்கும் தனித்தனிப் பத்தி உண்டு. பத்தாண்டு இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

2011 ஏப்ரலில் முதல் கட்டப் புள்ளிவிவரங்கள் வெளிவந்தன. அரியலூர் மாவட்டத்தில் ஆயிரம் ஆணுக்கு 1,015 பெண்கள். இந்தியாவுக்கு 943, தமிழகத்துக்கு 996 (இவை பின்னால் வந்த இறுதிக் கணக்கு). எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று எங்கள் பள்ளியில் கொடியேற்றிவிட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். வெளுத்து வாங்கினேன். "வடநாட்டைப் பாருங்கள், நம் மாவட்டத்தைப் பாருங்கள், பெண்ணைப் போற்றும் மண் இது" என்றெல்லாம் பேசினேன். நல்ல கைதட்டல்.

கூட்டம் கலைந்ததும் எங்கள் ஊர் கிராம சுகாதார நர்ஸ் அம்மா வந்தார். மிட்டாய்த் தட்டு என் கையில் இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"கிழவி, பாட்டி எல்லாரையும் சேர்த்துக் கூட்டிட்டீங்களே சார். சின்னப் பிள்ளைங்களை மட்டும் தனியா எண்ணிப் பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு, "மொத்தத்தைப் பார்த்து ஏமாறாதே, கட்டம் பிரித்துப் பார்" என்று சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்று தனிப் பத்தி இருந்தது. அரியலூர்: 897.

ஒரே மாவட்டம், ஒரே கணக்கெடுப்பு. மொத்தத்தில் 1,015, குழந்தைகளில் 897. எப்படி இரண்டும் ஒன்றாக நிற்கின்றன? இதைப் பெரம்பலூர்க் கணக்கை வைத்துக் காட்டுகிறேன். 2011-இல் மாநிலத்திலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் அது. எண்கள் சிறியவை, கரும்பலகைக்கு வசதி.

0–6 வயது: ஆண் 30,971, பெண் 28,279. ஆயிரத்துக்கு 913.
7 வயதும் அதற்கு மேலும்: ஆண் 2,51,186, பெண் 2,54,787. ஆயிரத்துக்கு 1,014.
மொத்தம்: ஆண் 2,82,157, பெண் 2,83,066. ஆயிரத்துக்கு 1,003.

கடைசி வரியை மட்டும் படித்தவன் "நம்ம ஊரில் பெண்கள்தான் அதிகம்" என்று மேடை ஏறுவான். முதல் வரியைப் படித்தவன் மிட்டாயை எடுக்கமாட்டான். இந்த அட்டவணையில் இரண்டே வகுப்புகள்தான். பாடப்புத்தகம் இதை அட்டவணை என்றே ஒப்புக்கொள்ளாது. ஆனால் கோட்டை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இழுத்ததும் மறைந்திருந்தது வெளியே வந்துவிட்டது.

ஏன் கீழ்க்கட்டத்தில் பெண்கள் கூடுதல்? அதற்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், அது ஒன்று. இன்னொன்று உங்களுக்கே தெரியும். நம் ஊர் இளவட்டங்கள் சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவன் இங்கே கணக்கில் வரமாட்டான். பெண் கூடவில்லை, ஆண் பஸ் ஏறிவிட்டான். குழந்தைகள் தாங்களாக பஸ் ஏறுவதில்லை. அதனால்தான் குழந்தைகள் கட்டத்தில் குறைந்தால் அதற்கு இந்தச் சமாதானம் செல்லாது.

இங்கே மாணவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. 0–6 என்பது ஆறு ஆண்டு அகலமுள்ள வகுப்பு அல்ல, ஏழு ஆண்டு. சென்சஸில் நிறைவடைந்த வயதைத்தான் எழுதுவோம். இன்னும் முதல் பிறந்தநாள் வராத குழந்தைக்கு வயது பூஜ்யம். ஏழு வயதிலிருந்துதான் எழுத்தறிவுக் கணக்கு தொடங்குவதால் அங்கே கோடு போட்டார்கள். பெண் குழந்தைக்காக இழுத்த கோடு இல்லை அது. எழுத்தறிவுக்காகப் பிரித்ததில் இது அகப்பட்டது.

சரி, 913 என்பது குறைவுதான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ஆயிரத்துக்கு ஆயிரம் பிறக்க வேண்டும் என்று நினைத்தால் தவறு. இயற்கையாகவே ஆண் பிறப்பு சற்றுக் கூடுதல். ஆயிரம் ஆணுக்கு ஏறத்தாழ 950 பெண் என்பது உலகமெங்கும் பொதுவாகக் காணும் அளவு. இதை முதலில் கண்டவர் டாக்டர்கூட இல்லை. ஜான் கிராண்ட் என்று லண்டனில் ஒரு துணிமணி வியாபாரி. தேவாலயங்களில் வாராவாரம் வெளியிட்ட சாவுப் பட்டியல்களையும் ஞானஸ்நானக் கணக்கையும் சேர்த்து வைத்துக்கொண்டு, எதில் எத்தனை என்று தொகுத்து 1662-இல் ஒரு புத்தகம் போட்டார். நம் பாடத்தின் பிள்ளையார்சுழி அதுதான் என்று சொல்லலாம். 14 ஆணுக்கு 13 பெண் என்று அதில் எழுதினார். பிறகு ஆர்பத்நாட் என்ற மருத்துவர் 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுக் கணக்கைப் பார்த்தார். 82 ஆண்டும் ஆண் குழந்தைகள்தான் அதிகம், ஓர் ஆண்டுகூடத் தப்பவில்லை. கடவுளின் ஏற்பாடு என்று அவர் முடிவுக்கு வந்தார். அது அவர் பாடு. பிறப்பு விகிதம் எவ்வளவு பிடிவாதமானது என்பதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பிடிவாதமான ஒன்று பத்தாண்டில் திடீரென்று இறங்கினால் அதை இறக்கியது இயற்கை இல்லை.

அரியலூரில் அப்படித்தான் இறங்கியது. 2001-இல் 949. கிட்டத்தட்ட இயற்கையான அளவு. 2011-இல் 897. பெரம்பலூர் 937-இலிருந்து 913. பக்கத்தில் கடலூர் 957-இலிருந்து 896, அந்த ஆண்டு மாநிலத்திலேயே அதுதான் கடைசி. அதற்கு முந்தைய இடம் நமக்கு. அதே பத்தாண்டில் தர்மபுரி 826-இலிருந்து 913-க்கு ஏறியது. சேலமும் 851-இலிருந்து 900-ஐத் தாண்டியது. பெண் சிசுக் கொலை என்றாலே எல்லாரும் விரல் நீட்டிய மாவட்டங்கள் அவை. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில்தான் தொடங்கியது. விரல் நீட்டிக்கொண்டிருந்த நாம் இறங்கினோம், அவர்கள் ஏறினார்கள். தமிழகத்தின் சராசரி? 2001-இல் 942, 2011-இல் 943. ஒரு புள்ளி உயர்வு, ஒரு மாற்றமும் இல்லை என்று கோப்பை மூடிவிடலாம்! சிலர் மூடியும் இருப்பார்கள். ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. சராசரி பொய் சொல்லவில்லை. நாம் கேட்காததைச் சொல்லவில்லை.

பெரம்பலூர்க் கணக்கில் 30,971 ஆண் குழந்தைக்கு 950 வீதம் பார்த்தால் 29,400 பெண் குழந்தைகளுக்குமேல் இருந்திருக்க வேண்டும். இருந்தது 28,279. ஏறத்தாழ 1,100 குறைகிறது. இதை நான் நாசூக்காகச் சொல்ல விரும்பவில்லை. அந்த 1,100-ஐ உட்கார வைக்க இந்த அரங்கம் போதாது.

ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் ஆசிரியர் எழுந்துவிடுவார். பெண் குழந்தைகள் இருந்தும் கணக்கெடுப்பில் விட்டுப்போயிருக்கலாமே? இருக்கலாம். எனக்கே நேர்ந்திருக்கிறது. 2001-இல் ஒரு வீட்டில், "எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணுதான் வாத்தியாரே" என்றார் அந்த ஆயா. திண்ணையில் இரண்டு பெண் குழந்தைகள் கடலை உடைத்துக்கொண்டிருந்தன. "இதுங்க?" "அதுங்க பொட்டைங்க. பிள்ளை ஒண்ணுதானே!" அவர் பொய் சொல்லவில்லை, அவர் சொல்லகராதியே அப்படி. நான் திண்ணையைப் பார்க்காமல் எழுதியிருந்தால் இரண்டு கோடு விழுந்திருக்காது. ஆனால் இப்படி விட்டுப்போவது 1991-இலும் உண்டு, 2001-இலும் உண்டு. 2011-இல் மட்டும், அதுவும் அரியலூரிலும் கடலூரிலும் மட்டும், திண்ணையைப் பார்க்காத வாத்தியார்கள் கூடிவிட்டார்கள் என்றால் நம்ப முடியுமா? கருவில் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என 1994-இலேயே சட்டம் வந்தாயிற்று. ஸ்கேன் மையத்துக்கு மையம் போர்டும் தொங்குகிறது. அந்த நர்ஸ் அம்மாவிடம் பிறகு ஒருநாள் பேசியபோது, "முதல் பிள்ளை பொண்ணுன்னா ரெண்டாவதுக்கு எங்க பதிவேட்டுல வராமலே வெளியூர் போயிடுறாங்க சார்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2011 கணக்கு வெளிவந்த பின் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் நீட்டித்தது அரசு. அந்தப் பட்டியலில் நம் இரண்டு ஊர்ப் பெயரும் சேர்ந்து வந்ததைப் பேப்பரில் படித்தபோது, ஆகஸ்டு பதினைந்தில் வாங்கிய கைதட்டல் ஞாபகம் வந்தது.

இப்போது முன்வரிசைக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. 2011 மார்ச் முதல் தேதி 0–6 கட்டத்தில் இருந்தவர்கள் யார்? 2004 மார்ச்சுக்கும் 2011 பிப்ரவரிக்கும் நடுவில் பிறந்தவர்கள். உங்கள் சீட்டுகளைப் பார்த்தேன், எல்லாருமே அதற்குள் வருகிறீர்கள். நான் இவ்வளவு நேரம் 897, 913 என்று சொன்னது உங்களைத்தான். ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு நான் பார்த்த அந்தப் பத்திக்குள் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு கோடாக இருந்தீர்கள்.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். இம்முறை காகிதப் படிவம் இல்லை, கைப்பேசியில் பதிவு. இங்கே இருக்கும் ஆசிரியர்களில் பலருக்கு அந்த வேலை வரும். வீட்டில் "எத்தனை பிள்ளை?" என்று கேட்காதீர்கள். "ஆம்பளைப் பிள்ளை எத்தனை, பொம்பளைப் பிள்ளை எத்தனை, கைக்குழந்தை இருக்கா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். திண்ணையையும் ஒரு பார்வை பாருங்கள்.

கணிதத் துறை அறிவிப்புப் பலகையில் காலையில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறேன். அரியலூருக்கு ஒரு பத்தி, பெரம்பலூருக்கு ஒரு பத்தி. 2001 என்று ஒரு வரி: 949, 937. 2011 என்று ஒரு வரி: 897, 913. மூன்றாவது வரியில் 2027 என்று மட்டும் எழுதி இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டிருக்கிறேன். கணக்கு வெளிவந்ததும் அப்போது இங்கே படிக்கிற யாராவது பேனாவால் எழுதிவிடுங்கள், எனக்கும் ஒரு போன் போடுங்கள். செயலாளர் இரண்டாம் முறையாகக் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். வயதுச் சீட்டுகள் மேசையிலேயே இருக்கின்றன, 58-ஐ 60 என்று எழுதியவர்கள் போகும்போது திருத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம்.